வக்கீல் வீட்டு நோயாளி

அத்தியாயம் 11

ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், சமையலறையில் நிற்பவளுக்குத்தான் இரட்டை வேலை. "அவன் சாப்பிட்டானாம்மா?" என்று ஒருத்தி கேட்பாள். "அவ கிளம்பிட்டாளா, நான் வரலாமா?" என்று இன்னொருவன் கேட்பான். நடுவில் தபால்காரி மாதிரி ரோஷன் பேகம்.

பூந்தமல்லி கரையான்சாவடியில் மசூதிக்குப் பின்சந்தில் இருக்கும் அந்த வீட்டில் ரமலானுக்கு முன்பிருந்தே இதுதான் நடப்பு. மஸூத்துக்கும் ரூஹிக்கும் அப்படி என்ன சண்டை என்று அவள் கேட்காத நாளில்லை. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ரூஹி அந்த வம்சத்திலேயே முதல் வக்கீல். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் முதல்முறை வாசல் இறங்கிய அன்று, அவளுடைய தந்தை சாதுல்லா தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போய் எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் காரணமில்லாமல் சலாம் சொன்னார். குமணன்சாவடியில் பைக்குகளுக்கும் ஆட்டோக்களுக்கும் சீட் கவர் தைத்து மகளைப் படிக்க வைத்த மனுஷர். அந்த சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அவருடைய இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய்விட்டன என்றார்கள்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள், டிரங்க் ரோட்டில் பெயின்ட் கடைக்கு மேல் மாடியிலிருந்த டயாலிசிஸ் சென்டர்தான் அவருக்கு உயிர். மஸூத் அங்கேயே டெக்னீஷியன். பெற்ற மகனே ஊசி குத்தி, ரத்தத்தை மிஷினுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து திரும்ப உடம்பில் ஏற்றுவான். காப்பீட்டு அட்டை இருந்ததால் கைக்காசு போகவில்லை. நோயில்கூட ஒரு நிம்மதி இருந்தது என்றால் அது அதுதான்.

அந்த சென்டர் இன்றோடு மூடுகிறது.

"கடைசி நாளு. அத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடி" என்றாள் ரோஷன் பேகம், கோர்ட்டுக்குக் கிளம்பிய மகளிடம்.

ரூஹி கட்டிலுக்கு அருகில் போய் நின்றாள். சாதுல்லா அவள் கையைப் பிடித்து, "இன்னிக்கு வாதாடறியாம்மா?" என்றார்.

"வாய்தாதான் அத்தா."

"வாய்தான்னாலும் சத்தமா கேளு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையை உருவிக்கொண்டு, செருப்பை வாசலுக்கு வெளியே போய்த்தான் மாட்டினாள். மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனதை ரோஷன் பேகம் கவனித்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

*

சென்டரில் பாதிக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. மெத்தைகளைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள் சாயங்காலம் மிஷின்களைத் தூக்கிப் போக வருகிறார்களாம்.

அடுத்த கட்டிலில் மதுரைவீரன் படுத்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து படுப்பவன். படுத்த உடனே தூங்கிவிடுவான். இன்று தூங்கவில்லை.

"உனக்கு எங்கப்பா இடம் கெடைச்சுது?" என்று கேட்டாள் ரோஷன் பேகம்.

"திருவள்ளூருக்கு அந்தாண்ட பாயம்மா. போக வர ஒரு நாள் பூரா பூடும். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அப்ப வேலைய வுட்டுடுன்றாரு." அவன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வேலைய வுட்டா ஊட்டுல அடுப்பு எரியாது. இத வுட்டா நான் எரிஞ்சுடுவேன். எத வுடறதுன்னு நீயே சொல்லு."

சாதுல்லாவுக்கே இன்னும் இடம் உறுதியாகவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தார்கள். இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றிருந்தார்கள். டயாலிசிஸ் வரிசையில் இடம் எப்படிக் காலியாகும் என்பது சென்டர் பெஞ்சில் காத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மத்தியானம் வேலப்பன்சாவடியில் ஒரு தனியார் சென்டரில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கேயும் அட்டை செல்லும் என்றார்கள்.

மஸூத் வந்து தந்தையின் கையைத் தடவி, நரம்பைப் பார்த்து, ஊசியை இறக்கினான். குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது. நாளையிலிருந்து அவனுக்கும் வேலை கிடையாது. நோயாளி ஒருத்தி இறந்து கேஸ் நடக்கிற சென்டரிலிருந்து வந்தவன் என்றால் மற்ற இடங்களில் அடுத்த கேள்வியே கேட்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

டாக்டர் கார்த்திகா ஒவ்வொரு கட்டிலாக வந்து விடைபெற்றுக்கொண்டிருந்தாள். ரோஷன் பேகத்திடம் வந்ததும் பேச்சு தடுமாறியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. என்னால முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பிடிச்சேன்."

"ஒருத்தன் கேசு போட்டான்னு இத்தினி பேர வுட்டுட்டுப் போறீங்களே டாக்டர்?"

"ஒரு கேஸ்னா நின்னிருப்பேம்மா. அது நுகர்வோர் கோர்ட்ல ஆரம்பிச்சது. அப்புறம் போலீஸ்ல ஒண்ணு, மெடிக்கல் கவுன்சில்ல ஒண்ணு, மனித உரிமை கமிஷன்ல ஒண்ணு, ஹைகோர்ட்ல ஒண்ணு. தண்ணி சுத்தம் பண்ற மிஷினைப் பராமரிக்கிற கம்பெனி மேலயும் போட்டாங்க. அவங்க சர்வீசுக்கு வர்றத நிறுத்திட்டாங்க. மிஷின் வாடகைக்குக் குடுத்தவங்க மேலயும் போட்டாங்க. அவங்க திருப்பிக் கேக்கறாங்க. எனக்கு இன்ஷூரன்ஸ் குடுத்த கம்பெனி இந்த வருஷம் புதுப்பிக்க மாட்டேன்னுட்டுது. நான் வாரத்துல பாதி நாள் கோர்ட்டு வராண்டாவுல நிக்கறேன். இங்க நோயாளிய யார் பாக்கறது?"

ரோஷன் பேகத்துக்கு நினைவு வந்தது. கொஞ்ச மாதமாகவே சென்டரின் போக்கு மாறியிருந்தது. தலைவலி என்றாலும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்தச் செலவை அட்டை ஏற்காது. இதயம் பலவீனமானவர்களை வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நாலு இடத்தில் கையெழுத்து. யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று அப்போது தெரியவில்லை.

"அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை ஆறுதலா பேசியிருந்தா, இவ்ளோ தூரம் போயிருக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பேசணும்னுதான் இருந்தேன். கன்னியம்மா சாவுக்குப் போறதுக்கு மாலைகூட வாங்கிட்டேன். போகாதீங்க, நீங்க வருத்தம்னு சொன்னா அதையே தப்ப ஒத்துக்கிட்டதா எடுத்துப்பாங்கன்னு என் வக்கீல் தடுத்துட்டார். நானும் பயந்துட்டேன்."

கன்னியம்மாள் இதே அறையில், ஜன்னலோரக் கட்டிலில், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தவள். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. இதயம் நின்றது என்று டாக்டர்கள் சொன்னார்கள். தண்ணீர் சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். எது நிஜமென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று மஸூத்துக்கு விடுமுறை. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவள் ரோஷன் பேகம்.

*

காற்று வாங்கப் படியிறங்கியவள், பெயின்ட் கடை ஓரத்தில் நின்றிருந்தவனைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கன்னியம்மாளின் மகன் கோபி. நூம்பலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே வேனிலேயே காத்திருப்பான்.

"நெஜமாவே மூடறாங்களா பாயம்மா?"

"கேசு போட்டவன் நீ. எங்கிட்ட கேக்கறியா?"

கோபியின் முகம் சுருங்கியது.

"நான் மூடச் சொல்லலியே. எங்கம்மா காலைல டீ குடிச்சுட்டு, நல்லா பேசிகினே மாடி ஏறுச்சு. கீழ இறக்கும்போது பேச்சில்ல. இன்னா ஆச்சுன்னு ஒருத்தராவது உக்கார வெச்சு சொல்லுவாங்கன்னு வாசல்லயே நின்னேன். டாக்டரு என்னப் பாத்ததும் கதவ சாத்திக்கினாங்க. ஏழைன்னா ஒரு பதில்கூட கெடையாதான்னு வயிறு எரிஞ்சுது. அதுக்குத்தான் போட்டேன்."

"அதுக்கு இத்தினி கேசா?"

"ஒண்ணுல ஆரம்பிச்சுது. அப்பறம் வக்கீலு காட்ன எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன். போதும் சார், நிறுத்திடலாம்னு போன மாசம் சொன்னேன். இப்ப நிறுத்துனா மொத்தமும் வீணாப்பூடும்னு சொல்லிட்டாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா உங்க பொண்ண நான் கொறை சொல்ல மாட்டேன். அவங்க தங்கம்."

ரோஷன் பேகத்துக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "யாரு?"

"ரூஹி மேடம்தான். மொத மொத எங்கம்மா கதைய கேட்டு எழுதனது அவங்கதான். நான் அழுதுகினே சொன்னேன். அவங்களும் அழுதுகினே எழுதுனாங்க. அந்த ஒரு நாளுதான் எனக்கு ஆறுதல்." அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கோபி பேச்சை நிறுத்தினான். "உங்களுக்குத் தெரியாதா பாயம்மா?"

அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். இரும்பு வெயிலில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

படியேறி மேலே வந்தாள். சாதுல்லா கண்ணயர்ந்திருந்தார். மஸூத் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தான். தாயின் முகத்தைப் பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

"தெரியுமாடா உனக்கு?"

"சம்மன் வந்தப்பவே தெரியும். வாதி தரப்பு வக்கீலுங்க பேர்ல கடைசியா அவ பேரு இருந்துச்சு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா அத்தாவுக்குப் போகாதாம்மா? போனா அவரு இங்க வந்து படுப்பாரா? பொண்ணு கேசு போட்ட எடத்துல எப்பிடிப் படுக்கறதுன்னு நடையக் கட்டியிருப்பாரு. அதான் வாய மூடிகினு இருந்தேன்." அவன் கண்கள் சிவந்திருந்தன. "டாக்டருக்கும் தெரியும்மா. தெரிஞ்சும் என்ன வேலைய வுட்டுத் தூக்கல. அத்தாவ ஒரு வார்த்த சொல்லல."

*

டயாலிசிஸ் முடிய இன்னும் நேரமிருந்தது. ரோஷன் பேகம் புர்காவைச் சரிசெய்துகொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். மெட்ரோ தூண்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடித்தன.

பூந்தமல்லி கோர்ட்டுக்கு அவள் வந்ததே இல்லை. மகள் நின்று வாதாடுவதை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அப்போது நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்ததுண்டு. இப்போது வியர்த்து விறுவிறுத்து, ஜெராக்ஸ் கடை வாசலில் கட்டுக் காகிதத்தோடு நின்ற மகளைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

ரூஹி பதறினாள். "அம்மா! அத்தாவுக்கு இன்னா ஆச்சு?"

"அத்தாவுக்கு இன்னா ஆகணும்னு நெனைச்ச?"

ரூஹியின் கையிலிருந்த காகிதங்கள் நழுவின. குனிந்து பொறுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் ஒன்றையும் மறைக்க முயலவில்லை.

"கோபி சொன்னாரா?"

"அவன் உன்ன தங்கம்னு சொன்னான்டி. நீ அழுதுகினே எழுதுனதுதான் அவனுக்கு ஆறுதலாம்."

"கன்னியம்மா அக்காவ எனக்கும் தெரியும்மா. அத்தாவ விட வரும்போதெல்லாம் என் கையப் பிடிச்சுகினு, வக்கீலம்மா வக்கீலம்மான்னுவாங்க. அவங்க போனதுக்கு அப்பறம் யாராவது ஒரு பதில் சொன்னாங்களா? கேஸ் போடலேன்னா நம்மள மாதிரி ஜனங்க செத்தா யாரு கேப்பா? நான் எழுதுனது ஒண்ணே ஒண்ணு. அது நியாயமான கேஸ். இப்பவும் சொல்வேன்."

"மிச்சமெல்லாம்?"

"சீனியர் போட்டாரு. நாலு பக்கமும் நெருக்குனாத்தான் சமாதானத்துக்கு வருவாங்கன்னாரு. எல்லாத்துலயும் என் பேரும் போச்சு. ஜூனியர் பேரு போகும்மா, அது வழக்கம்." காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மூடுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. கொஞ்சம் பயப்படுவாங்க, தண்ணியெல்லாம் சரிபண்ணுவாங்க, அத்தாவுக்கும் அது நல்லதுதானேன்னு நெனைச்சேன். சத்தியமா."

"அப்ப நிறுத்துடி."

"நான் நிறுத்த முடியாது. கோபிதான் வாபஸ் வாங்கணும்."

"அவன் போன மாசமே நிறுத்தச் சொன்னானாம். உங்க சீனியரு கேக்கலியாம்."

ரூஹி தாயை வெறித்துப் பார்த்தாள். இந்தச் செய்தி அவளுக்குப் புதிது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதுதான் ரோஷன் பேகத்தை இன்னும் கலங்கடித்தது. பெண் துணிந்து செய்திருந்தாலாவது ஆத்திரப்படலாம். பாவி, பாதி தெரியாமல் செய்திருக்கிறாள்.

"எங்கிட்ட அவரு சொல்லலியே..."

"ரூஹி! நம்ம மேட்டர் வந்துடுச்சு" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சீனியர் தணிகாசலம். நரைத்த தலை, சாந்தமான முகம். "யாரு, அம்மாவா? வணக்கம்மா. நல்ல பொண்ணப் பெத்திருக்கீங்க. பெரிய ஆளா வருவா" என்று மேலிருந்தே கும்பிட்டார்.

ரூஹி கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ரோஷன் பேகத்துக்கு அந்த மனிதரின் கும்பிடுக்குப் பதில் கும்பிடக்கூடக் கை எழவில்லை.

*

வேலப்பன்சாவடி சென்டர் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகக் குளுகுளுவென்று இருந்தது. கைத்தாங்கலாகச் சாதுல்லாவை உட்கார வைத்தார்கள். டயாலிசிஸ் முடிந்த உடம்பு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் உற்சாகமாக இருந்தார்.

"பரவால்ல ரோஷன். இங்க டிவிகூட கீது."

கவுண்ட்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், ரிப்போர்ட்டுகளைப் பார்த்தாள். "திங்கள், புதன், வெள்ளி காலைல ஒரு இடம் இருக்கு அங்கிள்" என்றாள்.

ரோஷன் பேகத்துக்கு மூச்சு வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"அவசரம்னா யாருக்கு போன் பண்ணணும்?"

மஸூத் தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தான். சாதுல்லா முந்திக்கொண்டார்.

"எம் பொண்ணு நம்பர் போட்டுக்கம்மா. ரூஹி. வக்கீலா கீறா. பூந்தமல்லி கோர்ட்டுல."

அந்தக் களைப்பிலும் அவர் முதுகு நிமிர்ந்தது. கவுண்ட்டர் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் நின்றன.

"ஒரு நிமிஷம் அங்கிள்" என்று எழுந்து உள்ளே போனாள்.

மஸூத் கண்ணை மூடிக்கொண்டான். ரோஷன் பேகம் உள்ளே போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் திரும்பி வந்தபோது அட்டையையும் ரிப்போர்ட்டுகளையும் ஒன்றாக அடுக்கி நீட்டினாள்.

"சாரி அங்கிள். அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்களாம். நான் கவனிக்கல."

"இப்பதானம்மா இருக்குன்னு சொன்ன?" என்றார் சாதுல்லா.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மஸூத் கவுண்ட்டரில் சாய்ந்து, மெதுவான குரலில், "சிஸ்டர், நானும் டயாலிசிஸ் டெக்னீஷியன்தான். எங்க ஊட்டுலேருந்து உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. நான் எழுதித் தர்றேன்" என்றான்.

"எந்த சென்டர் அண்ணா நீங்க?"

அவன் சொன்னான். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச தயக்கமும் போய்விட்டது. பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, எட்டிப் பார்த்து யாரும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டு கிசுகிசுத்தாள்.

"வக்கீல் வீட்டு பேஷண்ட்ட எடுக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணா. உங்க சென்டர் விஷயம் கேள்விப்பட்டதுலேருந்து அவரு தூங்கறதே இல்ல. போரூர்லயும் இப்படித்தான் சொல்றாங்களாம். என்னைத் திட்டாதீங்க."

"நான் உன்ன திட்டலம்மா" என்றாள் ரோஷன் பேகம்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது சாதுல்லா கேட்டார்: "வக்கீலுன்னா இன்னா தப்பு? நல்லா படிச்ச பொண்ணு ஊட்டுல கீதுன்னா மரியாதையாதானே நடத்தணும்?"

லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. மஸூத்தான் சொன்னான். இத்தனை மாதம் அடக்கி வைத்ததை, ரோட்டோரத்தில், தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். கன்னியம்மாள், சம்மன், தங்கையின் பெயர். கோபி சொன்னதை ரோஷன் பேகம் சேர்த்துச் சொன்னாள்.

சாதுல்லா எல்லாவற்றையும் கேட்டார். "அழுதுகினே எழுதுச்சாமா?" என்று மட்டும் மனைவியைக் கேட்டார்.

"ஆமாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். வந்த ஆட்டோவை அவரே கை காட்டி நிறுத்தினார்.

*

மக்ரிப் பாங்கு சொல்லும் அந்தி நேரத்தில் ரூஹி வந்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன. உள்ளே நுழைந்தவளிடம், மாதக்கணக்கில் பேசாத அண்ணன் முதல்முறையாகப் பேசினான்.

"வேலப்பன்சாவடியில அத்தாவ வெளிய அனுப்பிட்டாங்க. உன் பேர சொன்னதும்."

"என் பேரயா? ஏன்?"

"வக்கீல் ஊட்டு பேஷண்ட் வேணாமாம்."

ரூஹி பையைக் கீழே போட்டாள். பிறகு அவளுடைய முகத்தில் ரத்தம் ஏறியது. காலையிலிருந்து குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

"அப்படிச் சொல்ல அவங்களுக்கு உரிமையே கெடையாது. அட்டை இருக்கற நோயாளிய, பொண்ணு செய்யற தொழிலக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பறதா? யாரு சொன்னது? கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு பேரு இன்னா?"

"எதுக்கு?" என்றான் மஸூத்.

"சாட்சி வேணும். நாளைக்கே ஹைகோர்ட்ல ரிட் மனு போடறேன். சீனியர் வேணாம், நானே போடறேன். அத்தாவுக்கு இடம் குடுக்க வெக்கறேன்." சுவரில் சாய்ந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். விரல்கள் வேகமாக அடித்தன.

மஸூத் சிரித்தான். அப்படியொரு சிரிப்பை ரோஷன் பேகம் அவனிடம் கேட்டதில்லை.

"போடு. அந்த சென்டரயும் மூட வை. போரூருதையும் மூட வை. அப்பறம் எல்லாரும் உன் கோர்ட்டு வராண்டாவுலயே படுத்துக்கறோம்."

"அப்ப இன்னா செய்யச் சொல்ற? எனக்கு வேற இன்னா தெரியும்? வேற இன்னா செய்யத் தெரியும் சொல்லு!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

"ரூஹி" என்றார் சாதுல்லா, கட்டிலிலிருந்து. "வேணாம்மா. வுட்டுடு."

"இல்லத்தா. இது சட்டப்படி தப்பு. நான் வுட மாட்டேன்."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெள்ள நடந்து சமையலறை வாசலில் இருந்த எவர்சில்வர் குடத்தின் மூடியைத் திறந்தார். பெரிய டம்ளரை உள்ளே விட்டு மொண்டார்.

சிறுநீர் பிரியாத உடம்புக்குத் தண்ணீர்தான் விஷம். குடித்தது வெளியேற வழியில்லாமல் காலில் இறங்கும், நெஞ்சில் ஏறும், மூச்சை அடைக்கும். மிஷின்தான் அதை இறைத்துக் கொட்ட வேண்டும். அதனால் அந்த வீட்டில் சாதுல்லாவுக்கு மருந்து மூடியில் ஊற்றுகிற மாதிரிதான் தண்ணீர். கோடைகாலத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு தவிக்கும்போதுகூட அவர் அளவு மீறியதில்லை. உயிர்மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்த மனுஷர்.

இப்போது நின்றபடியே, தொண்டைக்குழி ஏறி இறங்க, டம்ளர் முழுவதையும் குடித்தார். தாடியில் வழிந்து சட்டையை நனைத்தது.

"அத்தா!" என்று மஸூத் பாய்ந்தான். ரோஷன் பேகம் எழப் பார்த்தாள். பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாளை மறுநாள் இவரை எங்கே கொண்டுபோவது என்று காலையிலிருந்து அவளுடைய மனசு போட்டுக்கொண்டிருந்த கணக்கை, இனி எங்கேயும் வேண்டாம் என்று அவர் தனக்குள் முடித்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

சாதுல்லா மகனை ஒரு கையால் தடுத்தார். அந்தக் கையில் காலையில் குத்திய ஊசியின் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. கோபம் இல்லை அவர் முகத்தில். நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு வீடு வந்தவருடைய களைப்புதான் இருந்தது.

லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. சாதுல்லா மகளிடம் நடந்து வந்து, காலி டம்ளரை அவள் முன்னால் நீட்டினார்.

"எனக்காக எழுத வேணாம்மா. இன்னொரு டம்ளர் தண்ணி, நீ மொண்டு குடு."

ரூஹி டம்ளரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். குடம் அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.